இருட்டில் வழி தேடும் போட்டி

பிள்ளைகளே, இரவிலே காட்டுக்குள்ளே நடந்து ஒரு கொடியைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? "ஐயோ, எனக்குப் பயம்!" என்பீர்களா? "ஓம், நானும் வாறன்!" என்பீர்களா?

இப்படி ஒரு விளையாட்டு உண்மையாகவே இருக்கிறது. அதன் பெயர் ரோகெய்னிங். நாம் வாழும் அவுஸ்திரேலியாவில்தான், விக்டோரியா மாநிலத்தில், 1976ஆம் ஆண்டு அது இந்தப் பெயரைப் பெற்றது. ரொட், கெய்ல், நீல் என்ற மூன்று பேர் அதை வளர்த்தார்கள். அவர்களுடைய பெயர்களின் தொடக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள்: ரோ, கெய், ன். பெயர் வந்துவிட்டது! முதலாவது உலகப் போட்டியும் 1992இல் விக்டோரியாவில் உள்ள பீச்வேர்த் என்ற ஊரில் நடந்தது.

எப்படி விளையாடுவது?

காட்டில் பல இடங்களில் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த கொடிகளைக் கட்டியிருப்பார்கள். அந்த இடங்கள் வரைபடத்தில் சிறிய வட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கொடிக்கும் புள்ளி உண்டு. தூரமான கொடிக்கும், கண்டுபிடிக்கக் கடினமான கொடிக்கும் கூடிய புள்ளி. எந்தக் கொடிக்கு முதலில் போவது என்று உங்கள் குழுவே முடிவு செய்யலாம்.

ஒரு குழுவில் இரண்டு முதல் ஐந்து பேர் இருப்பார்கள். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் வர வேண்டும். குழுவில் யாரும் தனியே ஓடிப் போகக்கூடாது. கைபேசியில் வழி பார்க்கவும் கூடாது. வரைபடமும் திசைகாட்டியும் மட்டும்தான் வழி சொல்லும். பெரிய போட்டிகள் 24 மணி நேரம் நடக்கும். அதனால் இரவும் போட்டிக்குள் வந்துவிடும்.

இருட்டில் என்ன செய்வது?

பகலில் மலையும் ஓடையும் தூரத்திலேயே தெரியும். இரவில் நெற்றியில் கட்டிய விளக்கு கொஞ்ச தூரத்தைத்தான் காட்டும். அதனால் ஓடையையோ வேலியையோ பாதையையோ பிடித்துக்கொண்டு போவது நல்லது. அவை இல்லாத இடத்தில் திசைகாட்டியைப் பார்த்து, அடிகளை எண்ணி நடக்க வேண்டும். இடது கால் நிலத்தில் படும்போது மட்டும் எண்ணுங்கள்.

நீங்களும் அப்பாவும் அக்காவும் ஒரு குழு என்று நினையுங்கள். இரண்டு ஓடைகள் சேரும் இடத்தில் நிற்கிறீர்கள். கொடி அங்கிருந்து கிழக்கே, மேட்டின் மேலே இருக்கிறது. வரைபடத்தில் அந்தத் தூரம் 1 சென்ரிமீற்றர். நிலத்தில் அது 250 மீற்றர். 100 மீற்றர் நடக்க உங்களுக்கு 70 எண்ணிக்கை என்றால், 250 மீற்றருக்கு 175.

எண்ணிக்கொண்டே ஏறுகிறீர்கள். 173, 174, 175. கொடியைக் காணவில்லை! அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது.

"அக்கா, அங்க பாருங்கோ, லைற்! கொடி அங்கதான். கெதியா ஓடுவம்!"

"ஓடாத, நில்லு. அது வேற குழு. அவை வேற கொடியைத் தேடலாம்."

"அப்ப நாங்கள் இப்ப எங்க நிக்கிறம்?"

"வடிவாத் தெரியேல்ல. திரும்ப ஓடைக்குப் போவம். அந்த இடம் எங்களுக்குத் தெரியும்தானே?" என்கிறார் அப்பா.

திரும்பிப் போக யாருக்குத்தான் விருப்பம்? ஏறிய மேட்டை மறுபடியும் ஏற வேண்டும். நேரமும் போகும். ஆனால் தெரியாத இடத்திலிருந்து இன்னும் தெரியாத இடத்துக்கு ஓடினால், வழி மேலும் தவறும். தெரிந்த இடத்துக்குத் திரும்பினால், பிழையைக் கண்டுபிடிக்கலாம்.

ஓடையடியில் நின்று யோசிக்கிறீர்கள். பிழை என்ன? மேடு ஏறும்போது நம் அடிகள் சிறியவை ஆகும். 175 அடியில் 250 மீற்றர் வரவில்லை! இந்த முறை 175இல் நிற்காமல் இன்னும் கொஞ்சம் போகிறீர்கள். 180, 190, 200... விளக்கின் ஒளி பட்டு எதிரே ஏதோ பளிச்சென்று மின்னுகிறது. கொடி!

நட்சத்திரமும் வழி சொல்லும்

யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வடக்கு வானத்தில் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கலாம். அது வடக்குத் திசையைக் காட்டும். சிட்னியிலும் மெல்பேர்னிலும் அது தெரியாது. இங்கே நமக்குத் தென்சிலுவை இருக்கிறது. அதன் நீளமான கோட்டை, சிலுவையின் அடிப்பக்கமாக, நாலரை மடங்கு நீட்டுங்கள். அங்கிருந்து நேரே கீழே நிலத்தைப் பாருங்கள். அதுதான் தெற்கு.

மறக்கக்கூடாத இரண்டு விடயங்கள்

ஒன்று, நேரம். பிந்தி வந்தால் புள்ளியைக் குறைப்பார்கள். "இன்னும் ஒரே ஒரு கொடி" என்று ஆசைப்பட்டுப் போனால், எடுத்த புள்ளியும் குறையலாம்.

மற்றது, உதவி. ஒவ்வொருவரும் ஒரு விசில் வைத்திருக்க வேண்டும். ஆபத்து வந்தால் அதை ஊத வேண்டும. அந்தச் சத்தம் கேட்டால், போட்டியை விட்டுவிட்டு உதவிக்குப் போக வேண்டும். இதுவும் போட்டியின் விதிதான். புள்ளியை விட ஆள் முக்கியம்.

செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தில் 100 மீற்றர் அளந்து நடந்து பாருங்கள். உங்கள் இடது கால் எத்தனை தடவை நிலத்தில் பட்டது? பிறகு ஒரு மேட்டில் அதே தூரம் நடந்து எண்ணுங்கள். இரண்டு எண்களையும் எழுதி, ஏன் வித்தியாசம் வந்தது என்று வகுப்பில் தமிழில் சொல்லுங்கள்.