வீட்டில் எத்தனை நாய்கள் வளர்க்கலாம்? மூத்தோருக்கான விளக்கக் கையேடு

நாய் நல்ல துணை. தனியாக வாழும் மூத்தோருக்குக் காலையில் எழுந்து கதவைத் திறக்க அது ஒரு காரணமாகிறது. தினமும் நடக்க வைக்கிறது. வாசலில் யாராவது வந்தால் குரல் கொடுக்கிறது. எனவே நாய் வளர்க்க வேண்டாம் என்று இந்தக் கையேடு உங்களிடம் சொல்லாது. எத்தனை நாய்கள் வளர்க்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்ய உதவுவதே இதன் நோக்கம்.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. லயத்து வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு நாலு வீட்டுச் சோறு கிடைக்கும். ஓடித் திரிய இடமும் இருந்தது. இன்று நீங்கள் கிள்ளானில் ஒரு தரை வீட்டிலோ பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டிலோ இருக்கலாம். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கலாம். அன்று பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட பொறுப்பு முழுவதும் இன்று ஒருவர் தலையில் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய் வளர்க்க உங்கள் பகுதி உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் தேவை. கோலாலம்பூரில் வசிப்போர் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடமும், கிள்ளானில் வசிப்போர் கிள்ளான் அரச மாநகர் மன்றத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மாநகராகத் தகுதி உயர்வதற்கு முன் கிள்ளான் மன்றம் நகராண்மைக் கழகமாக இருந்தது.

எத்தனை நாய்கள் என்ற வரம்பு மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். வீட்டின் வகையைப் பொறுத்தும் மாறும். தரை வீட்டுக்கு அனுமதிக்கும் எண்ணிக்கை குறைவாகவும், பங்களாவுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். சில மன்றங்கள் அண்டை வீட்டாரின் ஒப்புதலையும் கேட்கும். பக்கத்து ஊரில் இருக்கும் உறவினர் சொன்ன கணக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். உங்கள் மன்றத்தின் உரிமப் பிரிவில் நேரில் கேளுங்கள். மகனையோ மகளையோ தொலைபேசியில் விசாரிக்கச் சொல்லலாம்.

உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மன்றம் தரும் வில்லையை நாயின் கழுத்துப்பட்டையில் மாட்டிவிடுங்கள். வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயைத் தெருநாய் என்று கருதிப் பிடித்துச் செல்லக்கூடும். 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் துணைச் சட்டங்களை மீறுவோருக்கு 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

அடுக்குமாடியில் வசிப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, மற்றக் குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையாகவோ அவர்களது பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வீட்டிலும் பொது இடத்திலும் வைத்திருக்கக் கூடாது. உங்கள் கட்டடத்தில் நாய் வளர்க்க அனுமதி உண்டா என்பதை நிர்வாக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அண்டை வீட்டார் முஸ்லிம்களாக இருந்தால், நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமய முறைப்படி தூய்மை செய்துகொள்ள வேண்டியிருக்கும். நாய்களை வேலிக்குள் வைத்திருப்பதும், வெளியே கொண்டு செல்லும்போது வாரைக் குறுக்கிப் பிடிப்பதும் அண்டை அயலாருக்கு நாம் செய்யும் மரியாதை. நாய்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த மரியாதையைக் காப்பது கடினமாகும்.

உங்கள் கெட்ட நாளை வைத்துக் கணக்கிடுங்கள்

உடம்பு நன்றாக இருக்கும் நாளில் மூன்று நாய்களையும் பார்த்துக்கொள்ளலாம் என்றே தோன்றும். முட்டி வலிக்கும் நாளிலும், காய்ச்சலில் படுத்திருக்கும் நாளிலும், டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வீடு திரும்பும் நாளிலும் எத்தனை நாய்களுக்குச் சோறு வைத்து, தண்ணீர் மாற்றி, கழிவை அள்ள முடியும்? அந்த எண்ணிக்கைதான் உங்களுக்கு ஏற்றது.

கீழே விழும் ஆபத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் நாயை வாரில் பிடித்து நடத்திச் செல்லும்போது எலும்பு முறிந்து சிகிச்சைக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டோரின் எண்ணிக்கை, 2004க்கும் 2017க்கும் இடையில் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக ஓர் ஆய்வு கண்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிகமாக முறிந்தது இடுப்பெலும்பு. மூத்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை.

ஒரு நாய் இழுத்தால் சமாளித்துவிடலாம். இரண்டு நாய்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நிலை தடுமாறும். எனவே ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் நடத்திச் செல்லுங்கள். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். செருப்புக்குப் பதிலாகப் பிடிமானமுள்ள காலணி அணியுங்கள். ஒவ்வொன்றாக நடத்திச் செல்ல உங்களுக்கு நேரமும் தெம்பும் இல்லையென்றால், நாய்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று பொருள்.

பெரிய இன நாய்கள் வலிமை மிக்கவை. பிட்புல், அக்கிதா, தோசா போன்ற இனங்களை மலேசியாவுக்குள் கொண்டு வரத் தடை உண்டு. ராட்வைலர், டாபர்மேன் போன்றவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. பேரனுக்குப் பிடித்த இனம் என்பதற்காக, உங்களால் பிடித்து நிறுத்த முடியாத நாயை ஏற்காதீர்கள்.

நாய்கள் கூடினால் சுகாதாரம்

நாய்களைச் சுத்தமாக வைத்திருந்தால் பெரும்பாலான நோய்களைத் தடுக்கலாம். எண்ணிக்கை கூடும்போது அந்தச் சுத்தத்தைக் காப்பதுதான் சிரமம்.

*இனிப்புநீர் உள்ளவர்கள்:* நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இந்தியர்களிடம் இது மேலும் அதிகம். இனிப்புநீர் உள்ளவரின் காலில் நாய் நகம் கீறினாலும் வலி தெரியாமல் போகலாம். புண் ஆறவும் நாளாகும். தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள். புண்ணை நாய் நக்க விடாதீர்கள். நாய்க் கழிவை அள்ளும்போது மூடிய காலணி அணியுங்கள்.

*டிங்கி:* நாய்க்கு வைக்கும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். தினமும் தண்ணீரை மாற்றிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். நான்கு நாய்களுக்கு நான்கு பாத்திரங்கள் வைத்தால் இந்த வேலையும் நான்கு மடங்கு.

*எலிச் சிறுநீர்க் காய்ச்சல்:* மிச்சச் சோற்றை இரவில் வெளியே வைத்தால் எலிகள் வரும். எலியிடமிருந்து இந்தக் கிருமி நாய்க்கும் தொற்றும். நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் வரலாம். உண்டு முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். நாய்க்கு இதற்கான தடுப்பூசியும் உண்டு.

*குடற்புழுவும் உண்ணியும்:* நாயின் கழிவிலுள்ள கொக்கிப்புழு, வெறுங்காலில் நடப்பவரின் தோல் வழியே நுழையும். முற்றத்தில் விளையாடும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. புழு மருந்தும் உண்ணி மருந்தும் எல்லா நாய்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் அதிலிருந்து மற்றவற்றுக்கும் பரவும்.

*வெறிநாய்க்கடி:* இந்த நோய் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்தில் மலாயாவில் இது பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017 முதல் சரவாக்கிலும் மீண்டும் தலைகாட்டியது. அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. எனவே எந்த நாய் கடித்தாலும், அது வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு உடனே அரசாங்கச் சுகாதார மருத்துவகத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ வைத்துக் கட்டாதீர்கள்.

ஒன்று ஆறாகும் கணக்கு

ஒரு பெண் நாயைக் கருத்தடை செய்யாமல் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத வயதிலேயே அது கருத்தரிக்கலாம். ஏறக்குறைய 63 நாளில் குட்டி ஈனும். ஐந்து குட்டிகள் பிறந்தால் வீட்டில் ஆறு நாய்கள். ஓர் ஆண்டில் இரண்டு முறை ஈனவும் வாய்ப்புண்டு. "குட்டிகளை யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்" என்று நினைத்திருப்போம். கேட்பவர் வருவதற்குள் குட்டிகள் வளர்ந்துவிடும்.

பல வீடுகளில் நாய்கள் பெருகுவது இப்படித்தான். ஆகவே முதல் நாய்க்கே கருத்தடை செய்துவிடுங்கள். தனியார் கால்நடை மருத்துவகங்களில் இதைச் செய்யலாம். செர்டாங்கில் மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் உள்ளது. சிலாங்கூர் எஸ்பிசிஏ போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் விசாரித்தால் குறைந்த கட்டண ஏற்பாடுகள் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பதைப் பலர் புண்ணியமாகக் கருதுகிறார்கள். பைரவரின் வாகனம் என்ற பக்தியும் அதில் உண்டு. ஆனால் தினமும் சோறு வைத்தால் அந்த நாய்கள் உங்கள் வாசலையே வீடாகக் கொள்ளும், பெருகவும் செய்யும். அவற்றுக்கு உண்மையில் உதவ விரும்பினால், ஒன்றுக்காவது கருத்தடை செய்யும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

செலவையும் எழுதிப் பாருங்கள்

ஒரு நாய் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு வரை வாழலாம். உணவு, தடுப்பூசி, புழு மருந்து, உரிமம், நோய் வந்தால் சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. ஒரு தாளில் ஒரு நாயின் மாதச் செலவை எழுதி, வளர்க்க நினைக்கும் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்தத் தொகை உங்கள் மருந்துப் பணத்தைத் தொடுகிறது என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

வீட்டில் மிஞ்சிய குழம்புச் சோறு போதும் என்று எண்ண வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நஞ்சாகும். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

நீங்கள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தால்

இந்தப் பகுதியை இருமுறை படியுங்கள். "நான் படுத்துவிட்டால் நாயை யார் பார்ப்பது?" என்று எண்ணி மருத்துவர் சொல்லியும் வார்டில் சேராமல் வீடு திரும்பாதீர்கள். நெஞ்சு வலியும் பக்கவாதமும் காத்திருக்காது.

நாய் வாங்கும் முன்பே ஒருவரைப் பேசி வையுங்கள். மகனோ தங்கையோ பக்கத்து வீட்டுக்காரரோ யாராக இருந்தாலும் சரி. அவரிடம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கட்டும். நாயின் உணவு, மருந்து, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டிவையுங்கள். ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் பலர் நான்கு என்றால் தயங்குவார்கள். அவர் எத்தனைக்குச் சம்மதிக்கிறாரோ அதுவே உங்கள் வரம்பு.

ஏற்கெனவே கூடுதலாக இருந்தால்

பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதலில் எல்லா நாய்களுக்கும் கருத்தடை செய்யுங்கள். புதிதாக எதையும் ஏற்காதீர்கள். உரிமம் இல்லாதவற்றைப் பற்றி மன்றத்தில் பேசுங்கள். இளம் நாய்களுக்கு வேறு நல்ல வீடு தேடுங்கள். வயதானவற்றை உங்களுடனேயே வைத்திருங்கள்.

இரவோடு இரவாகப் பசாரிலோ நெடுஞ்சாலை ஓரத்திலோ விட்டுவிட்டு வருவது தீர்வல்ல. நாய்க்குத் தகுந்த இடம், உணவு, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றை அளிப்பது உரிமையாளரின் கடமை என்று 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் சொல்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

முடிவு செய்யும் முன் ஐந்து கேள்விகள்

1. என் வீட்டுக்கு மன்றம் எத்தனை நாய்களை அனுமதிக்கிறது?
2. உடம்பு முடியாத நாளில் எத்தனையைப் பார்க்க என்னால் முடியும்?
3. என் மருந்துச் செலவைத் தொடாமல் எத்தனையைப் பராமரிக்கலாம்?
4. நான் மருத்துவமனையில் இருந்தால் எத்தனையை ஏற்க ஒருவர் சம்மதித்திருக்கிறார்?
5. பத்து ஆண்டுக்குப் பிறகு எனக்கு என்ன வயது இருக்கும்?

முதல் நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் எண்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். பல மூத்தோருக்கு அது ஒன்றாக இருக்கும். சிலருக்கு இரண்டாக இருக்கலாம். ஐந்தாவது கேள்வி எந்த நாய் என்பதை முடிவு செய்ய உதவும்: எழுபதைத் தாண்டியவர்களுக்குத் துள்ளும் குட்டியைவிட, வளர்ந்து அமைதியான நாயே பொருத்தம். காப்பகங்களில் அத்தகைய நாய்கள் வீடு கிடைக்காமல் காத்திருக்கின்றன.

விடை பூஜ்யம் என்று வந்தாலும் வருந்த வேண்டாம். மகள் வீட்டு நாயை மாலையில் போய்ப் பார்த்து வரலாம். அண்டை வீட்டாரின் நாயோடு சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

அடுத்த முறை சுகாதார மருத்துவகத்துக்கு வரும்போது, வீட்டில் நாய் இருப்பதைத் தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். கால் புண், காய்ச்சல், அரிப்பு ஆகியவற்றின் காரணத்தைக் கண்டறிய அந்தத் தகவல் உதவும்.