கணினிக்கும் ஒரு கையிருப்புப் பதிவேடு: விங்கெட் கட்டளையைப் பயன்படுத்தும் முறை



இடைநிலைப்பள்ளியில் தமிழ் போதிக்கும் நமக்கு நேரம் எவ்வளவு குறைவு என்று சொல்லத் தேவையில்லை. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு வழக்கமான பாட நேரத்துக்கு வெளியேதான் நடக்குது. அந்தக் கொஞ்ச நேரத்துல பிள்ளைகளைக் கணினி அறைக்கு அழைச்சிட்டுப் போறோம். ஒரு கணினியில் ஒலிப்பதிவு மென்பொருள் இருக்கு, பக்கத்துல இருக்கிறதுல இல்ல. இன்னொன்றில் இருக்கு, ஆனா ரொம்பப் பழைய பதிப்பு. தேடி, பதிவிறக்கி, நிறுவி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது. எங்க ரெம்பியா பக்கம் வீட்டுல கணினி இல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்காங்க. அவங்களுக்கு அன்னைக்குப் போன நேரம் போனதுதான்.

பாடநூல் இரவல் திட்டத்தில் நாம் என்ன செய்கிறோம்? எந்தப் புத்தகம், எத்தனை பிரதி, எந்தப் பதிப்பு, யார் கையில் என்று எல்லாத்துக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். ஆனால் கணினியில் எந்த மென்பொருள் இருக்கு என்பதற்கு அப்படி ஒன்று பெரும்பாலும் கிடையாது. அது ஒரு ஆசிரியரின் ஞாபகத்துல இருக்கும். அவர் மாற்றலாகிப் போனா ஞாபகமும் கூடவே போயிடும்.

அந்தப் பதிவேட்டை உருவாக்கவும், அதை வைத்தே வேலையை முடிக்கவும் உதவும் கருவி ஒன்று உங்கள் விண்டோஸ் கணினியிலேயே அநேகமாக இருக்கு. அதன் பெயர் விங்கெட். காசு கட்ட வேண்டியதில்லை.

விங்கெட் என்றால் என்ன?

மென்பொருள்களுக்கான நூலக அட்டவணை என்று நினைச்சுக்குங்க. நூலகத்தில் அட்டவணையைப் பார்த்தால் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு, எந்த அலமாரி என்று தெரியும். விங்கெட் அட்டவணையில் மென்பொருளின் பெயர், வெளியீட்டாளர், பதிப்பு எண், அதிகாரபூர்வமாக எங்கிருந்து பதிவிறக்கணும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். நாம் ஒரு வரி கட்டளை தட்டினால், அதுவே அலமாரிக்குப் போய் எடுத்து வந்து நிறுவியும் கொடுக்கும்.

இந்த யோசனை புதுசு இல்ல. லினக்ஸ் உலகில், 1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம் 1990களின் இறுதியிலேயே 'ஏபிடி' என்ற கருவியைக் கொண்டு வந்துவிட்டது. விண்டோஸுக்கு மைக்ரோசாப்ட் இதை 2020 மே மாதம் அறிவித்து, 2021 மே மாதம் முதல் முழுப் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் 11-இல் இது உடன் வருகிறது. புதுப்பித்து வைத்திருக்கும் விண்டோஸ் 10-லும் இருக்கும்.

தொடங்குவது எப்படி?

ஸ்டார்ட் பட்டனை வலது சொடுக்கு செய்து 'டெர்மினல்' என்பதைத் தேர்ந்தெடுங்க. கறுப்புத் திரை வரும். பயப்பட ஒண்ணும் இல்ல. நாம் தட்டுற சொல்லைத்தான் அது கேட்கும்.

ஒரு குறிப்பு: கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டணும். விங்கெட் என்பது டபிள்யூ, ஐ, என், ஜி, இ, டி. ஆறு எழுத்தும் இடைவெளி இல்லாமல். மற்றவை நமக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள்தான்.

முதலில் தேடிப் பார்ப்போம். கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு செய்ய ஆடாசிட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

விங்கெட் சர்ச் ஆடாசிட்டி

முதல் தடவை பயன்படுத்தும்போது நிபந்தனைகளை ஏற்கிறீர்களா என்று கேட்கும். 'ஒய்' தட்டி என்டர் அழுத்துங்க. பிறகு ஒரு சின்ன அட்டவணை வரும். அதில் பெயர், அடையாளம், பதிப்பு, மூலம் என்று பத்திகள் இருக்கும். அடையாளம் என்ற பத்தியைத்தான் நாம் கவனிக்கணும். நூலகத்தில் அழைப்பு எண் மாதிரி அது. வெளியீட்டாளர் பெயர், ஒரு புள்ளி, மென்பொருள் பெயர் என்ற வரிசையில் இருக்கும். ஆடாசிட்டிக்கு 'ஆடாசிட்டி.ஆடாசிட்டி', விஎல்சிக்கு 'வீடியோலேன்.விஎல்சி'.

மூலம் என்ற பத்தியில் இரண்டு பெயரைக் காணலாம். ஒன்று விங்கெட்டின் சொந்த அட்டவணை, மற்றது மைக்ரோசாப்ட் ஸ்டோர்.

நிறுவுவதற்கு:

விங்கெட் இன்ஸ்டால் --ஐடி ஆடாசிட்டி.ஆடாசிட்டி -இ

'ஐடி'க்கு முன்னால் இரண்டு சிறுகோடு, கடைசி 'இ'க்கு முன்னால் ஒன்று. அந்த 'இ' எதற்கு? இந்த அடையாளம் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் மட்டும் நிறுவு என்று சொல்வதற்கு. ஒரே மாதிரி பெயர் உள்ள வேறு ஏதாவது உள்ளே நுழையாமல் இருக்க இதைச் சேர்ப்பது நல்ல பழக்கம்.

இணையத்தில் தேடி இறக்கினால் போதாதா?

இது நியாயமான கேள்விதான். 2023 தொடக்கத்தில் ஓபிஎஸ், விஎல்சி போன்ற இலவச மென்பொருள்களின் பெயரில் போலித் தளங்கள் கூகள் விளம்பரம் வழியாகவே தீநிரல் பரப்பியதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரம். அவசரத்தில் அதைத்தான் சொடுக்குவோம். பள்ளிக் கணினியில் மாணவர்களின் பெயர், மதிப்பெண், கேள்வித்தாள் எல்லாம் இருக்கு. ஒரு தவறான சொடுக்கு அத்தனையையும் ஆபத்தில் தள்ளலாம்.

விங்கெட் அட்டவணையில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பதிவு இருக்கும். அதில் பதிவிறக்க முகவரியோடு அந்தக் கோப்பின் 'கைரேகை'யும் இருக்கும். கைரேகை என்றால் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் நீண்ட குறியீடு. கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் குறியீடு மாறிவிடும். விங்கெட் கோப்பை இறக்கியதும் கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். இந்தப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தானியங்கிச் சோதனையும் மேற்பார்வையாளர்களின் பார்வையும் கடந்துதான் அட்டவணையில் சேரும்.

அதுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பணும் என்று இல்ல. நிறுவும் முன் இதைத் தட்டிப் பாருங்க:

விங்கெட் ஷோ --ஐடி ஆடாசிட்டி.ஆடாசிட்டி

வெளியீட்டாளர் யார், இணையத்தளம் எது, உரிமம் என்ன என்று காட்டும். புத்தகம் வாங்கும் முன் பதிப்பகத்தின் பெயரைப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

பதிவேட்டை உருவாக்குவோம்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். கணினியில் என்ன இருக்கு என்று கேட்க:

விங்கெட் லிஸ்ட்

எவற்றுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கு என்று பார்க்க:

விங்கெட் அப்கிரேட்

எல்லாவற்றையும் ஒரே தடவையில் புதுப்பிக்க, அதே கட்டளையோடு '--ஆல்' சேர்த்தால் போதும். ஆனால் வகுப்பு நாளன்று காலையில் இதைச் செய்யாதீங்க. சோதனை வாரத்திலும் வேண்டாம். புதிய பதிப்பில் பொத்தான் இடம் மாறியிருந்தால் பிள்ளைகள் தடுமாறுவாங்க. விடுமுறையின் முதல் வாரம் இதற்குச் சரியான நேரம்.

ஒரு கணினியை மாதிரியாக வைத்து, தேவையான எல்லாத்தையும் அதில் நிறுவிச் சோதித்துப் பாருங்க. பிறகு:

விங்கெட் எக்ஸ்போர்ட் -ஓ லேப்.ஜேசன்

'லேப்' என்பது நாம் வைக்கும் பெயர். உங்கள் பயனர் கோப்புறையில் சின்னக் கோப்பு ஒன்று உருவாகும். அதுதான் நம் பதிவேடு. நோட்பேடில் திறந்தால் மென்பொருள்களின் அடையாளங்கள் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம். எட்ஜ் போல விண்டோஸோடு வந்தவையும் அதில் இருக்கும், அதனால் தொல்லை இல்ல. அட்டவணையில் இல்லாத மென்பொருள்களைச் சேர்க்க முடியவில்லை என்று திரையில் எச்சரிக்கை வரும். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்து வைங்க. பிறகு தேவைப்படும்.

அந்தக் கோப்பை விரலியில் எடுத்துக்கொண்டு அடுத்த கணினியின் பயனர் கோப்புறையில் போட்டு, டெர்மினலில் இப்படித் தட்டுங்க:

விங்கெட் இம்போர்ட் -ஐ லேப்.ஜேசன்

இல்லாததை நிறுவும். ஏற்கெனவே இருந்தால் புதிய பதிப்பு உண்டா என்று பார்த்துப் புதுப்பிக்கும். நிறுவி முடியும்வரை நீங்க பக்கத்துல உட்கார்ந்து கட்டுரை திருத்தலாம். இடையிடையே அனுமதி கேட்டால் மட்டும் 'யெஸ்' கொடுக்கணும்.

நம் தமிழுக்கு என்ன?

விங்கெட் செய்யாத சில வேலைகளும் உண்டு. அவற்றைப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியாகக் கையால் எழுதி வைக்கணும்.

முதலாவது, எழுத்துரு. பழைய கேள்வித்தாள்கள் பலவற்றை லதா எழுத்துருவில் தட்டியிருப்போம். விண்டோஸ் 10 முதல் லதா கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அது விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டது. இயல்பாக இருப்பது நிர்மலா. லதா இல்லாத கணினியில் அந்தக் கேள்வித்தாளைத் திறந்தால் வேறு எழுத்துருவில் வரும், வரிகளின் நீளம் மாறும், எட்டுப் பக்கம் ஒன்பதாகும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய், தமிழ் துணை எழுத்துருத் தொகுப்பைச் சேர்த்தால் லதா திரும்ப வந்துவிடும்.

இரண்டாவது, விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் விண்டோஸ் 10-இலேயே இருக்கு. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்வு செய்தால் போதும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலில் பழகிய ஆசிரியர்கள், அதன் பதிப்பு எண்ணையும் உரிம விவரத்தையும் இந்த இரண்டாம் பகுதியில் எழுதி வையுங்கள்.

எங்கே கவனம் தேவை?

பள்ளிக் கணினியில் எதையும் நிறுவும் முன் ஐசிடி பொறுப்பாசிரியரிடம் பேசுங்க. நிர்வாகி அனுமதி அவரிடம்தான் இருக்கும். அவருக்கும் இந்தப் பதிவேடு பயன்படும். மற்றப் பாட ஆசிரியர்களும் அதில் தங்கள் தேவையைச் சேர்க்கலாம்.

இணைய வேகத்தையும் யோசிக்கணும். ஒவ்வொரு கணினியும் தனித்தனியாகத்தான் இறக்கும். முப்பது கணினியில் ஒரே நேரத்தில் இம்போர்ட் கொடுத்தால் அலுவலகத்தில் யாரும் வேலை செய்ய முடியாது. நாலு நாலாகச் செய்யுங்க.

பழைய கணினிகள் விஷயம் வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத கணினியைத் தூக்கிப் போடும் முன் லினக்ஸ் நிறுவிப் பார்க்கலாமா என்று பொறுப்பாசிரியரைக் கேளுங்க. அங்கேயும் ஏபிடி மூலம் இதே முறைதான். உபுண்டுவில் தமிழ் எழுத்துருக்களுக்குத் தனித் தொகுப்பு இருக்கு. வருடிய பழைய பாடப்பக்கத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் டெசராக்ட்டுக்கும் தமிழ்த் தொகுப்பு இருக்கு. இரண்டும் ஆளுக்கு ஒரு வரிக் கட்டளைதான்.

இந்த வாரம் செய்யக்கூடியது

முதலில் உங்கள் சொந்த மடிக்கணினியில் மட்டும் விங்கெட் லிஸ்ட் தட்டிப் பாருங்க. 'இது எப்போ வந்தது?' என்று கேட்கிற மாதிரி இரண்டு மூன்றாவது இருக்கும். வேண்டாததை விங்கெட் அன்இன்ஸ்டால் கொடுத்து நீக்குங்க. பிறகு எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை உங்கள் டெலிமா கணக்கின் சேமிப்பிடத்தில் போட்டு வைங்க. கணினி பழுதானாலும், புதுசு வாங்கினாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

பள்ளிக் கணினிக்கான பதிவேடு தயாரானதும் அதை அச்சிட்டு, கையால் எழுதிய இரண்டாம் பகுதியையும் சேர்த்து, தமிழ்ப் பாடக்குழுக் கோப்பில் வைங்க. மேலே தேதியைப் போட மறக்காதீங்க. பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழாசிரியர் ஒருவர்தான். நமக்கு மாற்றல் வந்து புது ஆசிரியர் அந்த அறைக்குள் நுழையும்போது, எந்தக் கணினியில் என்ன இருக்கு, எழுத்துரு எங்கே போச்சு என்று அவர் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டாம். கோப்பைத் திறந்து ஒரு வரி தட்டினால் அடுத்த நாள் வகுப்பு நடக்கும்.

செய்து பார்த்துவிட்டு, உங்கள் பள்ளிப் பதிவேட்டில் எந்தெந்த மென்பொருள்கள் இருக்கு என்று சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள். மற்றப் பள்ளிகளுக்கும் அந்தப் பட்டியல் அப்படியே பயன்படும்.