கைக்குழந்தைக்கான கார் ஆசனம்: பட்டி இறுகாவிடின் பயனில்லை

மாத்தளையிலிருந்து அக்குறணை, கட்டுகஸ்தோட்டை ஊடாகக் கண்டிக்குச் செல்லும் ஏ-9 வீதியில் சற்று நேரம் நின்று அவதானித்தால், முன்னாசனத்தில் அமர்ந்திருக்கும் தாயின் மடியில் கைக்குழந்தை பயணிக்கும் காட்சியைக் காணலாம். சாரதியும் தாயும் ஆசனப்பட்டி அணிந்திருப்பர். 2011 ஆம் ஆண்டில் அது சட்டமாக்கப்பட்டமையே அதற்குக் காரணம். மூவரில் மிகவும் பலவீனமான உயிருக்கோ தாயின் இரு கரங்களைத் தவிர வேறு பாதுகாப்பில்லை.

அக்கரங்களால் எவ்வளவு தாங்க முடியும்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி, ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். 5 கிலோகிராம் எடையுள்ள சிசுவைப் பிடித்து நிறுத்த, சுமார் 70 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு ஒப்பான விசை அக்கணத்தில் தேவைப்படும். எந்தத் தாயின் அன்பும் இக்கணக்கை மாற்றாது.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பும் உறவினர் குழந்தைக்கென்று கார் ஆசனமொன்றைக் கொண்டுவந்து தருவது இன்று எமது பிரதேசங்களில் புதுமையான விடயமல்ல. உக்குவளையிலும் கலேவெலையிலும் இறத்தோட்டையிலும் அத்தகைய குடும்பங்கள் உள்ளன. எனினும், ஆசனத்தை வாங்குவது வேறு, அதைப் பொருத்துவது வேறு. ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களின் மரண அபாயத்தைக் கார்களில் இவ்வாசனம் 71 வீதத்தால் குறைப்பதாக அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது. தளர்வாகப் பொருத்தப்பட்ட ஆசனத்திடம் இப்பயனை எதிர்பார்க்க இயலாது.

சிசுக்களுக்கான ஆசனங்கள் பல இரு பாகங்களைக் கொண்டவை. ‘பேஸ்’ எனப்படும் அடிப்பாகம் வாகனத்திலேயே நிலையாக இருக்கும். குழந்தையைத் தாங்கும் கூடை அதன் மீது பொருந்திக்கொள்ளும். அடிப்பாகத்தை வாகனத்தின் உலோக வளையங்களில் நேரடியாக மாட்டும் ‘ஐசோஃபிக்ஸ்’ முறை உண்டு. ஆனால் ஜப்பானில் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது 2012 இலேயே. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த எமது நாட்டில் பழைய கார்களே இன்னும் பெருமளவில் ஓடுகின்றன. அவ்வளையங்கள் இல்லாத வாகனத்தில் ஆசனப்பட்டியே ஒரே வழி. அது தரம் குறைந்த வழியுமன்று. இறுக்கமாக அமையின் போதிய பாதுகாப்பளிக்கும்.

முதலில் இடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். பின்னாசனமே உகந்தது. காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் பின்னோக்கிய ஆசனத்தை ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் காற்றுப்பை குழந்தையின் தலைக்குப் பின்னாலுள்ள ஓட்டையே தாக்கும்.

அடிப்பாகத்தைப் பின்னாசனத்தில் சமமாக வைத்து, அதன் பக்கத்திலுள்ள மட்டக்குறி காட்டும் அளவுக்குச் சாய்வைச் சீர்செய்ய வேண்டும். மிகவும் நிமிர்ந்திருப்பின் சிசுவின் தலை மார்பில் சரிந்து மூச்சுக்குழாய் அடைபடக்கூடும். அடுத்து, கைந்நூல் காட்டும் வழியாகப் பட்டியை நுழைத்துப் பூட்ட வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்புகள் பலவற்றில் பின்னோக்கிய ஆசனத்துக்கான வழி நீல நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். பட்டி முறுக்கின்றி இருத்தல் அவசியம். பின்னர் கையை அடிப்பாகத்தின் மீது ஊன்றி முழுப் பலத்துடன் அழுத்தியவாறே பட்டியின் தளர்வை மறுகையால் இழுத்தெடுக்க வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது இவ்விடத்திலேயே. அழுத்தாமல் இழுத்தால், பட்டி இறுகியதாகத் தோன்றுமேயொழிய, மெத்தை அமுங்கியதும் தளர்ந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கார்களின் பட்டி மெதுவாக இழுத்தால் நீண்டுகொடுக்கும்; சடுதியாக இழுபட்டால் மட்டுமே பூட்டிக்கொள்ளும். எனவே வளைவுகளில் அடிப்பாகம் சிறிது சிறிதாக நகரும். சில வாகனங்களில் பட்டியை இறுதிவரை வெளியே இழுத்து மெல்ல விட்டால் ‘கிளிக்’ ஒலியுடன் உள்ளே மட்டும் செல்லும். அதன்பின் அது தளராது. அவ்வசதியில்லாத வாகனத்தில் அடிப்பாகத்திலுள்ள பூட்டுக் கவ்வியால் பட்டியை இறுகப் பிடிக்க வேண்டும். இரண்டில் எதைப் பயன்படுத்துவதென்பதை கைந்நூலே தீர்மானிக்கும். முடிவில், பட்டி நுழையும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் அசைந்தால் மீண்டும் ஆரம்பத்திலிருந்து தொடங்குவதே முறை.

குழந்தையைத் துவாயால் சுற்றிய பின் உடற்பட்டியை மாட்டுவது மலைப்பாங்கான பகுதிகளில் இயல்பாக நடைபெறுகின்றது. அத்துணி மோதலில் அமுங்கிப் பட்டியைத் தளர்த்திவிடும். பட்டியை உடலோடு ஒட்ட மாட்டி, அதன் மேல் போர்வையை விரிப்பதே சரி. சிசுவின் தலை அதன் உடல் நீளத்தின் நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்கும் கழுத்தோ வலுவற்றது. ஆகவேதான் ஐக்கிய நாடுகளின் 129 ஆம் இலக்க ஒழுங்குவிதி 15 மாதங்கள் நிறைவடையும் வரை பின்னோக்கியே அமர்த்த வேண்டுமெனக் கூறுகின்றது.

“இறைவன் காப்பான்” என்று சொல்வோரும் எம்மிடையே உளர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் படிப்பினையை அறிந்த சமூகத்துக்கு இதில் மேலதிக விளக்கம் வேண்டியதில்லை. துடக்குக் கழித்துக் கோவிலுக்குச் செல்லும் குடும்பத்துக்கும், நாற்பது கழித்துத் தாய்வீடு திரும்பும் குடும்பத்துக்கும் வீதி ஒன்றே.

முச்சக்கரவண்டியிலேயே பயணிக்கும் பெருந்தொகையானோருக்கு இவ்வாசனத்தால் பயனில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதில் பொருத்துவதற்குப் பட்டியே கிடையாது. அவர்களுக்குப் பாதுகாப்பான பொதுப் போக்குவரத்தே தேவை. அது அரசின் கடமை.

கார் வைத்திருப்போரிடம் பழைய ஆசனங்கள் கைமாறுவதுண்டு. விபத்தில் சிக்கியதையோ, காலாவதித் திகதி கடந்ததையோ ஏற்கலாகாது. கைந்நூல் இல்லாவிடின் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் தேடலாம். கர்ப்பிணித் தாய்மார் கூடும் கிளினிக்குகளில், தாய்ப்பாலூட்டலையும் தடுப்பூசியையும் விளக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள், ஆசனமொன்றை முன்னே வைத்து இப்பொருத்தும் முறையையும் பத்து நிமிடம் செய்துகாட்டலாம். மாவட்டச் சுகாதாரத் துறையினர் இதற்கு ஆவன செய்யவேண்டும் என நாம் கோருகின்றோம்.