காதுக்குள் வரும் ஆர்மோனியம்

வள்ளி திருமணம் நாடகத்தில் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர் எங்கே உட்காருகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? மேடையின் ஓரத்தில், நடிகருக்கு நாலடி தூரத்தில். வேலன் வேடக்காரர் விருத்தத்தை எங்கே இழுத்தாலும் அவர் காது அந்தப் பெட்டியை விட்டு நகராது. புதுக்கோட்டை மேடைகளுக்கு இது பழகிய சங்கதி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இதே ஊரில் மான்பூண்டியா பிள்ளையிடம் தாளம் பயின்றவர். கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் அந்தப் பிள்ளை. சுருதி பக்கத்தில் கேட்டால்தான் பாட்டு நிற்கும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைய திருவிழா மேடையில் அந்த நாலடி இல்லை. பாடகர் கையில் மைக்கோடு மேடை முழுக்க நடக்கிறார். இரு பக்கமும் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். அவற்றின் முகம் கூட்டத்தைப் பார்த்திருக்கிறது. மேடைக்கு வருவது ‘பேஸ்’ அதிர்வும், எதிரே பள்ளிக்கூடச் சுவரில் பட்டுத் திரும்பும் பாட்டும்தான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். சுவர் 50 மீட்டர் தள்ளி இருந்தால், பாடிய சொல் 0.3 நொடி கழித்துத் திரும்பி வந்து தாளத்தைக் குழப்பும். காலடியில் மானிட்டர் பெட்டி வைக்கலாம். ஆனால் அதைக் கூட்டினால் மைக் அந்தச் சத்தத்தையே மறுபடி வாங்கி ‘கூ’வென்று ஊளையிடும்.

இதற்கு மாற்றுதான் ‘இன்-இயர்’. மிக்சரிலிருந்து பாடகருக்கென்று தனியே கலந்த ஒலி, ஓர் அனுப்பிக் கருவி வழியாக ரேடியோ அலையாகிறது. இடுப்பில் செருகிய சின்ன வாங்கி அதைப் பிடித்து இயர்போன் வழியே காதுக்குள் தருகிறது. 1995இல் அமெரிக்காவில் வான் ஹேலன் குழுவின் ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் அச்செடுத்துச் செய்த கருவிதான் இந்தத் துறையின் பெரிய திருப்பம். கடையில் கிடைக்கும் புளூடூத் இயர்போன் இதற்கு உதவாது. அதில் ஒலி பெரும்பாலும் 0.1 நொடிக்கும் மேல் பிந்தி வரும்; தாளம் போய்விடும்.

மிக்சரில் பாடகருக்கான ஒலி போகும் ‘ஆக்ஸ்’ வழியை ‘பிரீ-ஃபேடர்’ ஆக வைக்க வேண்டும். அப்போதுதான் சவுண்டுக்காரர் கூட்டத்துக்காக ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் பாடகர் காதில் எதுவும் மாறாது. ஆனால் ‘கெயின்’ குமிழைத் தொட்டால் கூட்டத்துக்குப் போவதும் காதுக்குப் போவதும் இரண்டுமே மாறும்; நிகழ்ச்சி தொடங்கிய பிறகு அதில் கை வைக்கக் கூடாது. கலவையில் முதலில் சொந்தக் குரல், பிறகு கீபோர்டு அல்லது ஆர்மோனியம், பிறகு தபேலா. அவ்வளவு போதும். எல்லா வாத்தியத்தையும் கொட்டினால் எதுவும் கேட்காது.

அலைவரிசைதான் பலர் சறுக்கும் இடம். ஒரு வயர்லெஸ் செட் 500 மெகாஹெர்ட்சிலும் இன்னொன்று 501இலும் ஓடினால், இரண்டும் கலந்து 499இலும் 502இலும் பேய் அலைகள் எழும். மூன்றாவது செட்டை ‘வரிசையாக இருக்கட்டும்’ என்று 502இல் வைத்தால் இரைச்சல்தான். இடைவெளி சமமாக இருக்கக் கூடாது. அந்த ஊர் மேடையிலேயே, எல்.இ.டி. திரையும் மற்ற வயர்லெஸ் மைக்குகளும் ஓடும்போதே காலி இடம் தேட வேண்டும். அனுப்பியின் ஏரியல் உயரத்தில், பாடகரை நேரே பார்த்து நிற்க வேண்டும்; வயர்லெஸ் மைக் வாங்கிகளை ஒட்டி வைக்கக் கூடாது. மனித உடம்பே அலையை உறிஞ்சும் என்பதால், இடுப்புக் கருவியின் ஏரியலை வேட்டி மடிப்புக்குள் மடக்கிச் செருகக் கூடாது.

உட்கார்ந்தே வாசிக்கும் கீபோர்டுக்காரருக்கும் தபேலாக்காரருக்கும் வயர்லெஸ் எதற்கு? ஒரு சின்ன ஹெட்போன் ஆம்பும் நீள வயரும் அவர்களுக்குப் போதும். செலவும் மிச்சம், அலைவரிசைத் தொல்லையும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை காதைப் பற்றியது. 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். ஊர் ஊராக ஒரு சீசன் முழுக்கப் பாடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். இயர்போனின் ஸ்பாஞ்சு முனையை நசுக்கிச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். அடைப்பு நன்றாக இருந்தால் குறைந்த சத்தமே போதும். ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடுவது மிக மோசமான பழக்கம். திறந்த காதில் பெட்டிச் சத்தம் புகுவதால், மூடிய காதில் குமிழைத் திருகிக்கொண்டே போவோம். வாங்கியில் சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் ‘லிமிட்டரை’ அணைக்கவே கூடாது.

ஏன் கழற்றுகிறார்கள் என்பதும் புரிகிறது. இரு காதும் அடைத்ததும் ஊர் மறைந்துபோகும். முன்வரிசைப் பெரியவர் கேட்கும் பாட்டும், சாமி பாட்டுக்கு எழும் குலவையும் காதில் விழாது. அதனால் மேடையின் இரு முனையிலும் கூட்டத்தை நோக்கி ஒவ்வொரு மைக் வைத்து, அதைப் பெரிய பெட்டிகளுக்கு அனுப்பாமல் பாடகர் காதுக்கு மட்டும் விட வேண்டும். பாட்டு ஓடும்போது மெல்லிசாக. பாட்டு முடிந்ததும் சவுண்டுக்காரர் விரலால் கொஞ்சம் ஏற்றிவிட, குலவை உள்ளே வரும்.