லாரியின் குளிர்சாதனம்

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. ஓட்டுநர் அறையிலுள்ள வெப்பத்தை வெளியேற்றுகிறது. விசிறி தள்ளும் காற்று, குளிர்ந்த குழாய்களின்மேல் படும்போது அதிலுள்ள ஈரமும் நீராக வடிந்துவிடும். நிறுத்திய லாரியின் அடியில் சொட்டும் நீர் பெரும்பாலும் இதுவே, பழுதன்று.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கனமழை பெய்கிறது. மூச்சின் ஈரம் படிந்து, முன்கண்ணாடியின் உட்புறம் மங்குகிறது. சிலர் ஒரு கையால் லாரியை ஓட்டிக்கொண்டே மறுகையால் கண்ணாடியைத் துடைப்பர். இது ஆபத்தானது, சற்று நேரத்தில் மீண்டும் மங்கிவிடும். காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்பிக் குளிர்சாதனத்தையும் இயக்கினால், ஈரம் நீங்கிய காற்று மங்கலைப் போக்கும். அப்போது வெளிக்காற்றும் உள்ளே வர வேண்டும்.

வெளிக்காற்றை அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே சுழலவிடும் பொத்தானும் உண்டு. வெயிலில் அது அறையை விரைவாகக் குளிர்விக்கும். நெடுநேரம் அப்படியே விட்டால் கரிவளி பெருகி, ஓட்டுநருக்குத் தூக்கம் வரக்கூடும்.