கருவிச் சுயராஜ்யம்

மாமல்லபுரத்து வீதிகளில் நடப்போர் காதில் அலையோசைக்கு அடுத்தபடி விழுவது உளியோசையே. அங்கே சிற்பியின் கையிலுள்ள உளி சிற்பிக்கே சொந்தம். முனை மழுங்கினால் உலையிற் காய்ச்சித் தட்டிக் கூராக்கிக் கொள்கிறான். உளி செய்த கொல்லனுக்கு மாதந்தோறும் வாடகை கட்டும் வழக்கம் அவ்வூரில் இல்லை. அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017-ம் வருஷம் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே செங்கற்பட்டு ஜில்லாவில் சிறுசேரியிலும் கூடுவாஞ்சேரியிலும் எண்ணற்ற வாலிபர்கள் கணினியின் முன் அமர்ந்து வேறுவிதச் சிற்பம் செதுக்குகிறார்கள். சித்திரம் தீட்டுவோர், கட்டடப் படம் வரைவோர், நிரல் எழுதுவோர் ஆகிய இவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் உளி சொந்தம் என்று கேட்கிறோம். போட்டோஷாப் விற்கும் அடோபி கம்பெனி, ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறையைக் கைவிட்டு 2013-ல் சந்தா முறைக்கு மாறிற்று. ஆட்டோகாட் விற்கும் ஆட்டோடெஸ்க் 2016-ல் அவ்வழியே சென்றது. சந்தா நின்றால் கருவியும் நின்றுவிடும்; தான் வரைந்த படத்தைத் தானே திருத்த இயலாமல் தொழிலாளி தவிக்க நேரும்.

இதைப் பணவிஷயமென்று மட்டும் எண்ணிவிடலாகாது. ருஷியக் கம்பெனி பங்கு வைத்துள்ள நயாரா எண்ணெய்க் கம்பெனியின்மீது 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் தடை விதித்தது. உடனே மைக்ரோஸாப்ட் அக்கம்பெனிக்கு அளித்துவந்த சேவைகளை நிறுத்திற்று. பணம் செலுத்தியும் இந்நிலையா என்று நயாரா தில்லி ஹைகோர்ட்டை நாடிய பின்னரே சேவைகள் திரும்பின. குஜராத்தில் ஆலை நடத்துவோரின் அலுவலை ஐரோப்பாவில் எழுதிய உத்தரவு முடக்கக்கூடுமாயின், நம் அரசாங்க அலுவலகங்களின் கதி என்ன?

நம்மூர்க் கம்பெனிகளின் மென்பொருளை வாங்கினால் போதாதா என்று சில நண்பர்கள் வினவுவர். 1996-ல் தோன்றி, இன்று கூடுவாஞ்சேரியருகே பெரு நிலையம் கொண்டுள்ள ஸோஹோவின் வளர்ச்சி நமக்குப் பெருமையே. ஆயினும் சுதேசி வேறு, சுயராஜ்யம் வேறு. அதன் கருவிகளும் பெரும்பாலும் சந்தாவுக்கே கிடைப்பவை; அவற்றின் மூலநிரலைப் பார்த்துத் திருத்தும் உரிமை வாங்குவோருக்கில்லை.

அவ்வுரிமையைத் தருவன கட்டற்ற மென்பொருள்களே. 1983-ல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் அம்முயற்சியைத் தொடங்கினார். பிளெண்டர் என்னும் சித்திரக் கருவியை 2002-ல் பொதுஜனங்கள் ஏழே வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி விடுவித்து உலகுக்குப் பொதுச் சொத்தாக்கினர். படத்துக்கு ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும், பொறியியல் வரைபடத்துக்கு ஃப்ரீகாடும் இருக்கின்றன. இவற்றில் குறைகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. அச்சுக்குரிய வர்ணப் பிரிப்பில் ஜிம்ப் பின்தங்கியதே. முதலாளிகளும் பழகிய கருவியையே கேட்கிறார்கள். ஆனால் இங்கே குறையைத் திருத்த யாரும் முன்வரலாம். வாடகைக் கருவியில் கம்பெனி மனம் வைக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

ஆகவே நாம் கோருவன இரண்டு. 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி முதல் கிராமப் பள்ளிவரை, அரசாங்கச் செலவில் கணினி கற்பிக்குமிடமெல்லாம் கட்டற்ற கருவிகளை முதலிற் கற்பிக்கவேண்டும். அண்டையிலுள்ள மலையாள நாட்டுப் பள்ளிகள் இதைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றன. இரண்டாவது, பொதுப்பணத்தில் வரையும் படங்களும் எழுதும் நிரல்களும் எந்தக் கருவியாலும் திறக்கக்கூடிய அமைப்பில் இருக்கவேண்டும்.

1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். அந்நியர் கப்பலில் பிரயாணியாக இருந்தால் போதுமென்று அவர் எண்ணவில்லை. சுக்கான் நம்மவர் கையில் இருக்கவேண்டுமென்று விரும்பினார். கணினி பிடித்த தமிழ் வாலிபர்கள் அதைச் சிந்திப்பார்களாக.