எந்திர யானையும் வெள்ளணுக்களும்

யாழிசையால் மதயானைகளை வசப்படுத்தும் வித்தையில் தேர்ந்த உதயணனைப் போர்க்களத்தில் வெல்ல இயலாதென்று கண்ட உஞ்சை வேந்தன், வீரர்களை உள்ளே ஒளித்து வைத்த எந்திர யானையொன்றைக் காட்டில் நிறுத்தி அவனைச் சிறைப்பிடித்த கதையைக் கேளாதார் நம்மில் குறைவு. எய்ட்ஸ் நோயின் மூலமாகிய எச்.ஐ.வி. கிருமி, புணர்ச்சியின் வாயிலாக ஒரு சரீரம் விட்டு இன்னொரு சரீரம் புகும் வழிகளுள் ஒன்று, ஏறக்குறைய இந்த யானைத் தந்திரமே.

சுக்கிலம் என்றதும் விந்தணுக்களே நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் திரவத்தில், கோடிக்கணக்கான விந்தணுக்களோடு, நோய்க்காவலுக்கென்று அமைந்த வெள்ளணுக்களும் சிறு தொகையாகக் கலந்திருக்கின்றன. அவற்றுள் டி அணுக்கள், பெருவிழுங்கணுக்கள் ஆகியவற்றினுள்ளேதான் எச்.ஐ.வி. குடிபுகுந்து, தன் மரபுப்பொருளை அவற்றின் மரபுப்பொருளோடு இழைத்து வைத்துக்கொள்கிறது. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் இக்கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய 1983ஆம் ஆண்டிலேயே, டெபோரா ஆண்டர்சன், எட்மண்ட் யூனிஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், இவ்வெள்ளணுக்களே நோயைச் சுமந்து செல்லும் வாகனமாகலாம் என்ற அபிப்பிராயத்தை வெளியிட்டனர். திரவத்தில் தனித்துத் திரியும் கிருமியும் உண்டு. இரண்டில் பெரும்பங்கு எதற்கு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் குரங்குகளில் நடந்த சோதனைகளில், எச்.ஐ.வி.க்கு உறவான கிருமி நோயுற்ற வெள்ளணுக்களின் வழியாகவும் தொற்றியது.

காவலர் கூட்டம் பெருகினால் ஆபத்தும் பெருகும் என்பது இதன் விபரீதம். வெட்டை நோய் முதலியவற்றால் மூத்திரத்தாரை அழன்றால், அங்கே வெள்ளணுக்கள் திரள்கின்றன. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வழற்சியுள்ள எச்.ஐ.வி. நோயாளரின் சுக்கிலத்தில் கிருமியின் அளவு மற்ற நோயாளரைவிட 8 மடங்கு மிகுந்திருந்தது. அழற்சிக்கு மருந்து கொடுத்ததும் அது தாழ்ந்தது.

இக்கலவையைப் பிரித்துக் காணும் உபாயமும் உண்டு. அடர்த்தி மிக்க கரைசலின்மேல் சுக்கிலத்தை மெல்ல ஊற்றிக் குழாயை வேகமாகச் சுழற்றினால், திரவம் மேலே நிற்கும். வெள்ளணுக்கள் நடுவில் மங்கலான படலமாகத் தங்கும். விந்தணுக்களோ அடியில் சிறு வண்டலாகப் படியும். அவ்வண்டலை மாத்திரம் எடுத்துக் கழுவி, எச்.ஐ.வி. உள்ள கணவன்மாரின் மனைவியர்க்குச் செலுத்திய செய்தியை மிலான் நகரத்து மருத்துவர் செம்ப்ரினி குழுவினர் 1992இல் வெளியிட்டனர். அப்பெண்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை, குழந்தைகளும் பிறந்தன.

இன்று அதனினும் எளிய காப்பு உண்டு. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட சென்னையும் உள்ளிட்டு, 9 நாடுகளில் 1,763 தம்பதியரிடையே நடந்த ஆராய்ச்சியொன்று, நோயுற்றவர் காலதாமதமின்றிக் கூட்டு மருந்தைத் தொடங்கினால் துணைவருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் நிரூபித்தது. இரத்தத்தில் கிருமி அளவைக்குத் தென்படாதவாறு அடங்கிவிட்டவரிடமிருந்து புணர்ச்சியால் நோய் பரவுவதில்லை என்பதும் பிற்கால ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று. அத்தகையோரிலும் சிலருடைய வெள்ளணுக்களில் கிருமியின் மரபுப்பொருள் ஒளிந்திருக்கக் காண்கிறார்கள். யானை நிற்கிறது, உள்ளே பகைவனும் இருக்கிறான். நாள்தோறும் தவறாமல் விழுங்கும் அந்த மாத்திரைதான் யானையின் கதவுக்கு இட்ட தாழ்.